விருந்தாளி வராத நாள்

செருப்புக் கம்பெனியின் ஒட்டும் கூடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று உண்டு. பசையின் காட்டத்தை வெளியே இழுத்துத் தள்ளுவதுதான் அதன் வேலை. அது சுற்றினால் யாரோ பெரிய மனிதர் பார்வையிட வருகிறார் என்று அர்த்தம். மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கும்.

மானேஜருக்கு அங்கே பெயர் 'யூனிட்'. வாயைத் திறந்தால் மின்சார யூனிட்தான். யூனிட் குறைந்தால் தலைமை அலுவலகம் அவருக்கு போனஸ் போடும், பூமியைக் காப்பாற்றியதற்குக் கேடயமும் கொடுக்கும். உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்று கேட்க அந்த அலுவலகத்தில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

அந்தக் கூடத்தில் செருப்பு ஒட்டும் ஒருத்தியின் மகள் அதே கம்பெனியின் மாடியில், சுற்றுச்சூழல் பிரிவில் இருந்தாள். குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. அதற்கான ஃபீஸ் முழுக்கக் கீழே அம்மா ஒட்டிய செருப்புகளிலிருந்து வந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. யூனிட் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும்.

அன்று காலை அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருந்தது. அம்மா அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, தீயுற வாசனைகூடவா தெரியல?"

"மூக்கு செத்து ரொம்ப நாளாச்சுடி. விரலும் அப்படித்தான், கிள்ளிப் பாரு."

மகள் கிள்ளிப் பார்த்தாள். அம்மா சிரித்தாள். மகளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

போனதும் யூனிட் கூப்பிட்டார். ஏசி அறை சில்லென்று இருந்தது.

"கேடயம் நமக்குத்தாம்மா. மேடையில நீ பேசு. ஒட்டும் கூடத்துலதான் சேமிப்பு ஜாஸ்தி, அதை அழுத்திச் சொல்லு. வந்ததும் உன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

"அங்க ஃபேன் ஓடறதில்ல சார். அதான் சேமிப்பு."

"ஜன்னல் இருக்குல்ல?"

"அம்மாவுக்கு மூக்கு போச்சு சார்."

"அடடா, டாக்டர்கிட்ட காட்டும்மா," என்றார், உண்மையான அக்கறையோடுதான். "நான் என்ன பண்ண? மேல என்னை யூனிட்டைத்தானே கேக்கறாங்க, மூக்கையா கேக்கறாங்க?"

அவள் தலையாட்டினாள். படியிறங்கினாள். ஒட்டும் கூடத்துக்குள் நுழைந்து ஃபேன் சுவிட்சைத் தட்டினாள்.

ஃபேன் உறுமியது. கூடம் பரபரத்தது. பெண்கள் பசை டப்பாக்களை அவசரமாக மூடினார்கள். பார்வையாளர் வரும் நாளுக்கென்றே வைத்திருந்த முகமூடிகளை மாட்டினார்கள். முதுகை நிமிர்த்தி எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

"யாருடி வர்றாங்க?" அம்மா கிசுகிசுத்தாள். "வெளிநாட்டுக்காரங்களா?"

"யாரும் வரலம்மா."

"அப்புறம் எதுக்கு ஓடுது?"

"உங்களுக்குத்தான்."

"நமக்கா?" பக்கத்து மேஜை அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "நாம எப்போடி பெரிய மனுஷங்க ஆனோம்?"

அம்மா சிரிக்கவில்லை. "அணைச்சிடு. உன் வேலைக்கு நீயே உலை வச்சுக்காத. செத்த மூக்குக்குக் காத்து எதுக்கு?"

"அக்காவுக்கு இன்னும் சாகலையே."

மகளின் போன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. அக்கா முதலில் முகமூடியைக் கழற்றி மூச்சை இழுத்துவிட்டாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகக் கழற்றினார்கள். அம்மா மட்டும் மாட்டியபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படியில் யூனிட்டின் ஷூ சத்தம் இறங்கி வந்தது. மகள் சுவிட்சை மறைத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். இப்போதாவது பயம் வரும் என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை.