லூவெல்லா போடாத ஓட்டு

...அப்படியென்றால் நிஜம்தான், தெருவே பேப்பருக்காக இப்படி வரிசையில் நிற்கிறதே, கடையில் இருந்ததெல்லாம் தீர்ந்து, விடிந்து மூன்று மணி நேரமாகியும் செய்தித்தாள் வண்டி திரும்பி வரவில்லை, ஒருவரும் முணுமுணுக்கவில்லை, கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் தபால்காரர் டெல்ராய்க்குப் பின்னால் கைகட்டி நிற்கிறார், சிகாகோவின் இந்தத் தெற்கு மூலையில், எழுபத்தொன்பதாம் தெருவில், ஒரு வெள்ளைக்காரர் எதற்காவது காத்து நின்று லூவெல்லா பார்த்ததே இல்லை. கடக்கிற பேருந்தெல்லாம் ஹாரன் அடிக்கிறது. கறுப்பு மனிதர் ஒருவர், அமெரிக்காவின் ஜனாதிபதி... மனசுக்குள் சொல்லிப் பார்த்தாலே உடம்பு சிலிர்க்கிறது. முன்னால் நிற்கிற ஒடெஸா, சர்ச்சில் பக்கத்து இருக்கைக்காரி, ஓயாமல் பேசுகிறாள். "அஞ்சு பேப்பர் வாங்குவேன்டி. ஒண்ணு என் மாமியாருக்கு. நடக்கவே நடக்காதுன்னு சொல்லிச் சொல்லியே செத்துச்சு, கல்லறையில வெச்சுட்டு வர்றேன், படிக்கட்டும்." எல்லோரும் சிரிக்கிறார்கள். லூவெல்லாவும் சிரிக்கிறாள். காலையிலேயே ஓட்டுப் போட்டுட்டேன் என்று நேற்று இவளிடம் பொய் சொல்லியிருக்கிறாள்.

போனாள், ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூட வாசல் வரை போனாள், இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றாள்... கதவு தெரிந்ததும் கால் திரும்பிவிட்டது. அறுபத்தெட்டில், கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடிய அந்தப் பிரசங்கியாரைச் சுட்டுக் கொன்றபோது அவளுக்குப் பதினான்கு வயது, அப்பா டிவி முன்னால் உட்கார்ந்தபடியே மூன்று நாள் தொப்பியைக் கழற்றவில்லை. நாம் தலைமேல் தூக்கி வைத்தவர்களை விட்டுவைத்தார்களா? ஒரு ஓட்டு குறையட்டும், தோற்றால் மனுஷன் உயிரோடு வீட்டுக்குப் போவார்... இதை யாரிடம் சொல்ல?

மைக்கோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் வரிசையோரமாக வருகிறாள், கேமராக்காரர் பின்னால், காலையிலிருந்து அழுகிற கறுப்பு முகமாகத் தேடித் தேடிப் பிடிக்கிறார்கள். லூவெல்லாவின் கண் ஈரத்தை எப்படியோ கண்டுகொண்டாள். "ஓட்டுப் போடுறப்போ மனசுல என்ன ஓடுச்சும்மா?"

ஒடெஸா இடிக்கிறாள். "சொல்லுடி, நாடே பாக்குது."

ஒரு வார்த்தை போதும், சந்தோஷம் என்று. நாளைக்கு சர்ச்சே கைதட்டும். அந்தப் பொய்யை இவ்வளவு பெரிய காலைப் பொழுதுக்குள் எப்படி வைப்பது...

"நான் போடலை."

மைக் இறங்கியது. "பரவால்லம்மா" என்றபடி அந்தப் பெண் டெல்ராயிடம் போனாள், அவள் கேட்பதற்கு முன்பே அவர் அழுதார். ஒடெஸா முகத்தைத் திருப்பிக்கொண்டு பர்ஸில் சில்லறை எண்ணினாள்.

"அவரைச் சுட்டுடுவாங்களோன்னு பயம், ஒடெஸா."

ஒடெஸா பர்ஸை மூடினாள். "எனக்கு மட்டும் பயமில்லையாக்கும்? ஓட்டுச் சீட்டுல அவரு பேருக்கு நேரா கோடு இழுக்கிறப்போ நெனச்சேன், நாமளே கொல்லக் குடுக்கிறமோன்னு. இழுத்தேன்."

இவளுமா... அப்படியென்றால் டெல்ராயும், தெருமுனை வரை நிற்கிற இத்தனை பேரும் இதே பயத்தைச் சுமந்துகொண்டா அந்தக் கதவைத் தாண்டினார்கள்? லூவெல்லா வரிசையை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தாள். வண்டி வந்துவிட்டது, கட்டுகள் இறங்குகின்றன, ஒடெஸா முன்னால் நகர்ந்துவிட்டாள், பின்னால் யாரோ "போங்கக்கா" என்கிறார்கள். அந்த மனுஷனைக் காப்பாற்றத்தானே ஓட்டுப் போடாமல் திரும்பினேன்... அவரையா? இன்னொரு தரம் டிவி முன்னால் உட்கார்ந்து அழமுடியாத என்னையா...