வண்டி காலியாகும் வரை

நான்கு பெண்களும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, அம்மாவின் மேல் கிடந்த வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடப் போனார்கள்.

"கைய எடுங்க" என்றாள் மகள்.

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பெண் அவள். மாமா பதறிக்கொண்டு வந்தார்.

"அம்மாகூட வேலை பாத்தவங்கம்மா. ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு வந்திருக்காங்க."

"தெரியும் மாமா. தெரிஞ்சுதான் சொல்றேன்."

நால்வரும் துணியை விட்டார்கள். அவர்கள் வேலை பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில். படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுக்க இருவர், மறுபக்கம் வாங்கி மடிக்க இருவர், அடுக்க ஒருத்தி. அடுக்குகிறவள் அம்மா. நேற்று மூன்று மணிக்கு, துணி வண்டி காலியான பிறகு, அடுக்கி வைத்த விரிப்புகள் மேலேயே சாய்ந்து போய்விட்டாள்.

"வலின்னு எப்பச் சொன்னாங்க?"

வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கியவள்கூட முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"சொல்லவே இல்ல பாப்பா" என்றாள் ரேடியோ. "பத்து மணிக்கு நெஞ்சத் தேச்சுக்கிட்டாங்க. என்னக்கான்னு கேட்டேன். ஒரு முறை முறைச்சாங்க பாரு, நான் குனிஞ்சுக்கிட்டேன்."

"மூணாவது மாடியில நெஞ்சு டாக்டர். லிஃப்ட்ல ஏறினா ஒரு நிமிஷம். அஞ்சு மணி நேரம் குனிஞ்சுக்கிட்டே இருந்தீங்களா?"

"விடும்மா" என்றார் மாமா.

"செவுத்துல ஒட்டியிருக்கே, நான் பாத்திருக்கேன். உடம்பு முடியாதவங்க உடனே போகலாம், மெஷின யாரு வேணா நிறுத்தலாம்னு. அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. செவப்பு பட்டன் கைக்கு எட்டுற தூரம். அத அமுக்க ஒருத்திக்குமா கை வரல?"

"அந்தக் காகிதம் மேனேஜருக்கு" என்றாள் நால்வரில் மூத்தவள். "எங்களுக்குள்ள பேச்சு வேற. வண்டி காலியாகாம யாரும் நகரக் கூடாது. ஒருத்தி போனா மெஷின் நிக்கும். மத்தவங்க பொழுது சாயுற வரைக்கும் அங்கயே கிடக்கணும்."

"எவ போட்டா அந்தச் சட்டத்த? நீங்களா?"

மூத்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க. எவ?"

"உங்கம்மாதான்."

"செத்தவங்க மேல பழியப் போட்டா எந்திரிச்சு வந்து கேக்க மாட்டாங்கன்னு தைரியம்."

"பொய்யில்ல பாப்பா" என்றாள் ரேடியோ. "நீ அப்ப ஒண்ணாங் கிளாஸ். எம்புள்ளைக்குக் காய்ச்சல்னு நான் பாதியில ஓடிட்டேன். அன்னிக்கு உங்கம்மா வெளிய வர ஏழு மணி. பள்ளிக்கூட வாசல்ல நீ தன்னந்தனியா நின்னுருக்க, பாவாடையெல்லாம் நனைஞ்சுபோய். மறுநாள் வந்து எம்முடியப் பிடிக்காத குறைதான். 'எவளுக்கு என்ன வந்தாலும் சரி, பள்ளிக்கூடம் விடும்போது நான் வாசல்ல நிக்கணும்டி'ன்னாங்க. அன்னிலேருந்து அப்படித்தான்."

சுவரோரம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மகளின் குரல் உடையவில்லை.

"நான் பள்ளிக்கூடத்த விட்டு மூணு வருஷம் ஆச்சு. மூணு வருஷமா எந்த வாசல்லயும் யாரும் நிக்கல. இனிமே அந்தச் சட்டம் வேண்டாம்னு சொல்ல ஒருத்திக்கும் வாய் வரலையா?"

துணிக்கு வெளியே தெரிந்த முகத்தின் மேல் குனிந்தாள்.

"ஒனக்கும் வரலையாம்மா?"

மூத்தவளின் பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அணைக்காமல் உள்ளே போட்டாள். "சூப்பர்வைசர். நாங்க கிளம்பணும்மா. கோச்சுக்காத."

"நாலு மணிக்குத்தான் எடுக்குறாங்க" என்றார் மாமா மெல்ல.

நால்வரும் கிளம்பத் திரும்பினார்கள். அவர்களுக்கு முன்னால் மகள் விடுவிடென்று வாசலுக்குப் போனாள். படியோரம் கிடந்த நான்கு ஜோடிச் செருப்பையும் மண்ணோடு வாரி நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்தாள். அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா இது" என்றார் மாமா. "எடுக்குற வரைக்கும் யாரும் நகரக் கூடாது" என்றாள்.

பையில் செல்போன் மறுபடி அடித்தது. ரேடியோ முதலில் உட்கார்ந்தாள். மற்ற மூவரும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார்கள். மடியிலிருந்த செருப்பு ஒன்றில் அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது. அது திறந்துகொண்டு மகளின் உள்ளங்கையில் ஏறியிருந்தது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை.