மீடியனில் ஒரு வழி

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. வந்து எதிர்ப்பக்கம் நின்றுவிட்டது. அதுதான் கங்காதரனுக்கு வந்த கேடு.

காலை ஒன்பதேகால். வானகரம் அம்பத்தூர் சாலையில் அந்த நேரத்துக்கு எதிர்ப்பக்கம் நகர்வது ஹாரன் சத்தம் மட்டும்தான். வாசல்படியில் அவர் மனைவி வடிவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வியர்த்து ஊற்றியது, இடது தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். அரை மணிக்கு முன்னால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள். போனில் ஆம்புலன்ஸ்காரர் பேசினார்.

"ஐயா, உங்க ஊடு தெரியுது. ஆனா நடுவுல செவுரு கீது. யூ டர்ன் எங்க?"

"ரெண்டு கிலோமீட்டர் போவணும்பா."

"இந்த டிராபிக்குல போயிட்டு வர முக்கா மணி ஆவும். கிட்டத்துல வேற வழி இல்லியா?"

கங்காதரன் எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். வழி இருந்தது. போன ஆடி வரைக்கும் அவர் வீட்டுக்கு நேர் எதிரிலேயே இருந்தது. அதை அடைத்தது யார் என்று கேட்டால் தெருவில் பச்சைக்குழந்தைகூட இவரைத்தான் கைகாட்டும்.

இந்தச் சாலைமேல் அவருக்கு ஒரு பாத்தியதை. மாட்டுவண்டித் தடமாகக் கிடந்ததை ரோடாக்க முதல் கையெழுத்துப் போட்டு நிலம் விட்டது அவர் அப்பா. முதல் பஸ் வந்த அன்று அதற்குக் கற்பூரம் காட்டியது புதுப்பெண் வடிவு. பிறகு தொழிற்பேட்டைக்கு லாரிகள் வந்தன. பைபாஸ் திறந்ததும் கன்டெய்னர்கள். நெல் விளைந்த இடத்தில் அடுக்குமாடிகள். அகலப்படுத்த வந்தபோதெல்லாம் கங்காதரனும் மாட்டுக்கொட்டகை, கிணறு, முன்னறை என்று விட்டுக்கொண்டே வந்தார். கடைசியாகச் சாலை நடுவில் மீடியன் சுவர் எழுந்தது. நாலாம் நாளே ஊர்க்காரர்கள் கடப்பாரையால் ஒரு ஆட்டோ திரும்பும் அளவுக்கு வழி உடைத்துக்கொண்டார்கள். அந்த வழியில் ஸ்கூட்டியில் திரும்பும்போதுதான் அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்த நிவேதிதா லாரியில் மாட்டிச் செத்தாள். ரத்தத்தைக் கழுவத் தண்ணீர் சுமந்தவர் கங்காதரன். மறுநாளே மனு எழுதி, அறுபது வீட்டில் கையெழுத்து வாங்கினார். வடிவு மட்டும் போடவில்லை.

"அடைக்காதய்யா. ஆத்திர அவசரத்துக்கு ஒரு வழி ஓணும்."

"இன்னொரு பொண்ணு சாவணுமா?"

மனு பலித்தது. கான்கிரீட் ஊற்றியபோது, யாரும் கலைத்துவிடக் கூடாதென்று அது இறுகும்வரை நாற்காலி போட்டுக் காவலிருந்தார், மூன்று பகல். நியாயமான காரியம்தான். அதனால்தான் இப்போது யாரையும் திட்டக்கூட முடியாமல் நின்றார்.

பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் கோபி ஓடிவந்தான்.

"மாமா, தூக்கிக் குடுத்துரலாம். வண்டிங்கள நிறுத்து நீ."

கங்காதரன் சாலையில் இறங்கி இரண்டு கையையும் விரித்து நின்றார். பைக்கில் வந்த ஒருவன் திட்டிவிட்டு வளைந்து போனான். ஒரு வேன் அவர் வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கோபி வடிவை இரு கையிலும் ஏந்திக்கொண்டு கடந்தான். அடைத்த இடத்தில் சுவர் மார்பளவு. யாரும் ஏறிக் குதிக்கக் கூடாதென்று உயர்த்திக் கட்டச் சொன்னவரும் அவரே. இருவருமாகச் சுவர்மேல் அவளைக் கிடத்தினார்கள். சேலை கான்கிரீட்டில் மாட்டிக் கிழிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

"நீயும் வாய்யா," என்றாள் வடிவு. அவர் கையை விடவில்லை.

"வரேன். நீ போ."

விரலைப் பிரித்து விட்டார். கோபி தாவி இறங்கி அவளோடு ஏறிக்கொண்டான். கங்காதரன் சுவரைப் பற்றி எம்பினார். முட்டி மடங்கவில்லை. இன்னொரு முறை எம்பினார். உள்ளங்கை தோல்தான் உரிந்தது. ஆம்புலன்ஸ் கதவு சாத்தப்பட்டது. சைரன் அலறியது.

முதுகுக்குப் பின்னால் வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கின. இனி வீட்டுப் பக்கமும் போக முடியாது. சுவரைத் தடவிக்கொண்டே, ஆஸ்பத்திரி இருக்கும் வானகரத்தைப் பார்த்து நடந்தார். எதிரே வந்த வண்டிகளின் கண்ணாடிகள் முழங்கையில் இடித்தன.

"வந்துகினே கீறேன், வடிவு," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் சைரன் தன் முதுகுப் பக்கம் கேட்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தார். ஒரு டேங்கர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பின்னால், இருந்த இடத்திலேயே, ஆம்புலன்ஸின் நீல விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது.