ஒரு மிதி, இரண்டு அடி

...அடித்தால் ஒரே அடியில் மண்டை பிளக்க வேண்டும், மேலாளரின் மண்டையோ இந்தக் கம்ப்யூட்டரின் மண்டையோ, எதுவானாலும் சரி என்று பல்லைக் கடித்தபடி, தகடு வெட்டும் பிரஸ் இயந்திரத்தை இயக்கும் டிரைவர் நிரலில் இன்னொரு டிரேஸ் வரியைச் சேர்த்தான், கால் பெடலிலிருந்து யுஎஸ்பி வழியாக வரும் செய்தி எங்கே நுழைந்து எங்கே போகிறது என்று ஒவ்வொரு படியும் பதிவாகட்டும்... ஒரு மிதிக்கு பிரஸ் ஒரு முறைதான் இறங்க வேண்டும், அக்கா புருஷனுக்கு இரண்டு முறை இறங்கியது, முதல் அடி தகட்டுக்கு, இரண்டாவது அடி தகட்டை எடுக்கப் போன மூன்று விரல்களுக்கு. மூன்று மணிக்கு விசாரணை. "உங்க மாமாவே ரெண்டு தடவ மிதிச்சாருன்னு எழுதி வேலைய விட்டுத் தூக்கப் போறாங்கடா. நீ எழுதின டிரைவர்தானே, உனக்குத் தெரியாதா?" என்று காலையில் அக்கா கேட்டாள், அழக்கூட இல்லை, அழுதிருந்தால் தேவலை.

"மிதிக்கட்டுமா சார்?" என்றான் டெக்னீஷியன் மொட்டை, பிரஸ்ஸுக்கு அடியில் வெள்ளரிக்காயை வைத்துவிட்டு. சதக். ஒரே அடி. முப்பது காய் கூழானது, ஒன்றுகூட இரண்டாம் அடி வாங்கவில்லை. "டிரேஸ் போட்டா சாது, எடுத்தா கொலைகாரன். போலீஸப் பாத்தா மட்டும் ஹெல்மெட் மாட்டற ஆளு சார் இது." மொட்டை சிரித்தான், அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது, ஆனால் சொன்னது சரிதான், திரையில் எழுதும் நேரத்தில் எல்லாமே மெதுவாகிவிடுகிறது, தவறு ஒளிந்துகொள்கிறது... எழுதாதே, நினைவகத்தில் சேர்த்து வை, கடைசியில் காட்டு. மாற்றினான். நான்காவது காயில் சதக், சதக், பச்சைச் சாறு அவன் கன்னத்தில் தெறித்தது, அன்று மாமாவின் முகத்தில் தெறித்தது இந்த நிறமில்லை.

பதிவைப் படித்தான். பெடல் செய்தி வந்தது ஒன்று. பிரஸ்ஸுக்குப் போனது இரண்டு. மாமா ஒருமுறைதான் மிதித்தார், அப்பாடா, இனி மேலாளரின் மூஞ்சியில் இதை அறையலாம்... நடுவில் எது இரட்டித்தது? எல்லாப் பகுதிக்கும் டிரேஸ் இருக்கிறது, ஒன்றைத் தவிர. பிரஸ்ஸிடமிருந்து பதில் வரத் தாமதமானால் அதே கட்டளையை மறுபடி அனுப்பும் பகுதி, இரண்டு வருடம் முன்பு சாப்பாட்டுக்கு நேரமாயிற்று என்று அவனே பத்து நிமிடத்தில் எழுதியது.

"அடுத்த காய் வைக்கட்டுமா சார்? மணி ரெண்டே முக்கால்."

காலையிலிருந்து நாற்பது இடத்தில் வரி சேர்த்த விரல்கள் அந்த ஒரு இடத்தை மட்டும் தாண்டிப் போயிருக்கின்றன, மறதியா, இல்லை, தனக்குத் தெரியும் முன்பே இந்த விரல்களுக்குத் தெரிந்திருந்ததா... பத்தையும் மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.