முற்றத்தில் சோபா, அறைக்குள் ஹோட்டல்

1

இந்தக் கதை பக்கத்து வீட்டுச் சூங்கோவின் முகத்திலிருந்து வந்தது, கண்ணுகளா. பின்தெருவில் இழவு என்று விறகு சுமந்து போனவள், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். என்னடி என்று கேட்டேன். உடனே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

முதல் தொடக்கம்: "அருவியின் பேரோசை கேட்கும் லிவிங்ஸ்டன் நகரில்..."

[அடித்துவிட்டேன். அருவிச் சத்தம் எங்களுக்குக் கேட்பதில்லை. பார்க்க வருகிறவர்களுக்குத்தான் கேட்கும்.]

இரண்டாவது: "லுயாண்டோ காலமெல்லாம் ஊராருக்குப் படுக்கை விரித்தாள்."

இது இருக்கட்டும்.

2

லுயாண்டோவுக்கு அருவிக்கரையில் ஒரு பெரிய ஹோட்டலில் அறை துடைத்துப் படுக்கை விரிக்கிற வேலை. வயிற்றில் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இனி வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், லாரி மெக்கானிக்கான அவள் புருஷன் மைன்சாவுக்கும் தெரியும்.

"சிபேகோ அப்பா,* எனக்கு ஒரே ஒரு ஆசைதான். நான் விரிக்காத படுக்கையில, ஹோட்டல்ல படுக்கிறவங்க மாதிரி, ஒரு நாளாவது படுக்கணும்."

(*சிபேகோ அவர்கள் மகள். தலைநகர் லுசாகாவில் இருக்கிறாள். இந்தக் கதைக்குள் அவள் வந்தால் நான் உடைந்துபோவேன். அதனால் கூப்பிடவில்லை.)

அந்த ஹோட்டலில் அறை எடுக்க மைன்சாவால் ஆகாது. ஆகவே ஹோட்டலை வீட்டுக்குக் கொண்டுவரத் துணிந்தான்.

மைன்சா நல்லவனா? சூங்கோ அவனைக் குடிகாரன் என்றாள். முதலில் எழுதியபோது குடியை எடுத்துவிட்டேன். பிறகு திரும்பச் சேர்த்தேன். அந்த நாட்களில் அவன் குடிக்காமல் இருந்தான் என்று எழுதவேண்டுமே, அதற்காக.

படுக்கையறைச் சுவருக்கு வெள்ளைப் பெயிண்ட். புதுக் கட்டில், அதன் இரண்டு பக்கமும் விளக்கு. தலையணை ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு. நடுப்பகலிலும் இருட்டாக இருக்கவேண்டும் என்று கனத்த போர்வையைத் திரைச்சீலையாகத் தைத்து மாட்டினான். கால்மாட்டில் துவாலையை அன்னம்போல் மடித்து வைக்கப் பார்த்தான். அது கோழியாகத்தான் வந்தது.

3

இங்கேதான் அவன் தவறு செய்தான்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், துக்கத்துக்கு வருகிறவர்கள் தரையில் உட்கார இடம் வேண்டுமே என்று சாமான்களை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிடுவார்கள். முற்றத்தில் சோபாவைப் பார்த்தால் போதும். யாரும் எதுவும் கேட்பதில்லை.

மைன்சா பெயிண்ட் அடிக்க வழி வேண்டும் என்று சோபா, அலமாரி, பழைய கட்டில் எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டான். பெயிண்ட் வாடை போகட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, மனைவியைக் கூட்டிவர ஆஸ்பத்திரிக்குப் போனான்.

தெரு பார்த்தது. பெண்கள் இடுப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு, சோளமாவும் விறகுமாக வந்து, முற்றத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள்.

4

டாக்சி வந்து நின்றபோது அழுகை உச்சத்தில் இருந்தது.

லுயாண்டோ பின்சீட்டிலிருந்து தலையை நீட்டினாள். "ஐயோ, யாரு போனது?"

ஒப்பாரி பாதியில் அறுந்தது. மைன்சா அப்போதுதான் சோபாவைப் பார்த்தான். அவன் முகத்தை என்னால்

[இந்த வாக்கியம் முடியாது.]

காப்பாற்றியவள் சூங்கோதான். அவள் குலத்துக்கும் லுயாண்டோ குலத்துக்கும் கேலி முறை. பிணத்தின் முன்னால்கூட அவள் நையாண்டி பேசலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"நீதான்டி போனது! உருப்படியா சாகக்கூடத் தெரியல உனக்கு. இவ்வளவு விறகையும் சுமந்துட்டு வந்துட்டேன். இப்ப இதை எங்க வெச்சுக்கிறது?"

"அடுப்புல வை. செத்தவளுக்குப் பசிக்குது."

முற்றமே சிரித்தது. கண்களைத் துடைத்துக்கொண்டே சிரித்தது.

5

அறை வாசலில் லுயாண்டோ நின்றாள். கால்மாட்டில் இருந்த துவாலையைப் பார்த்தாள்.

"அது என்ன, கோழியா?"

"அன்னம்."

"பாவம், அதுக்கு உடம்பு சரியில்ல போல."

பிறகு அவள் கை தானாக விரிப்பின் மூலைக்குப் போனது. மைன்சா அதைப் பிடித்துக்கொண்டான்.

"மூலை தொளதொளன்னு இருக்கு, சிபேகோ அப்பா."

"இருக்கட்டும். இன்னிக்கு நீ விருந்தாளி."

(முதல் பிரதியில் அவள் மூலையைச் சரிசெய்துவிட்டுத்தான் படுத்தாள். அதுதான் நடக்கக்கூடியது. ஆனால் அப்புறம் அது அவள் விரித்த படுக்கை ஆகிவிடுமே? மாற்றிவிட்டேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.)

படுத்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள்.

"விருந்தாளின்னா கதவுல அட்டை தொங்கணும்."

"என்ன அட்டை?"

"தொந்தரவு செய்யாதீங்கன்னு. அது தொங்கினா நாங்க தட்டமாட்டோம். உள்ள என்ன நடக்குதுன்னு கேக்கமாட்டோம். திரும்பிப் போயிடுவோம்."

விளக்கு வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, கரித்துண்டால் எழுதி, கதவில் மாட்டினான். தானும் வெளியே வரப்பார்த்தான்.

"நீ எங்க போற? ரெண்டு பேர் அறை இது."

கதவு உள்ளேயிருந்து சாத்திக்கொண்டது.

6

முடிவு ஒன்று: அவள் சாயங்காலம் எழுந்து, பெண்கள் சமைத்த களியும் கருவாடும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

முடிவு இரண்டு: முற்றத்துப் பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சோபாவை உள்ளே தூக்கவா என்று ஒருத்தி கேட்டாள். இருக்கட்டும் என்று இன்னொருத்தி

முடிவு மூன்றை எழுதினேன், கிழித்தேன்.

நடந்தது எது என்று சூங்கோ என்னிடம் சொன்னாள். ஆனால் கண்ணுகளா, அட்டை தொங்குகிறது. கேட்காமல் கொள்ளாமல் எத்தனையோ வீட்டுக்குள் நுழைந்து கதை எடுத்தவள்தான் நான். இந்தக் கதவுக்கு முன்னால் என் கை எழவில்லை.

தெரிந்தே ஆகவேண்டும் என்றால், நீங்கள் தட்டுங்கள்.