சொல்லாமல் செய்த இரண்டு மாற்றங்கள்

மாலையில் திண்டிவனம் அலுவலகத்தின் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்தன. விழுப்புரத்துப் பள்ளி ஒன்றின் வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலி அந்த அலுவலகத்தினுடையது. கோலியனூர் போகும் வேனுடன் தொடர்பு அறுந்துவிட்டதாக எல்லாப் பெற்றோருக்கும் செய்தி போயிருந்தது. டிரைவர் அந்தோணிசாமி போனை எடுக்கவில்லை.

"யாரக் கேட்டு என்னத்த மாத்தின?" என்று சகாய பிரியாவிடம் கேட்டான் தென்னரசு. செயலியை எழுதும் குழுவுக்குத் தலைமை அவன். அவள் எதையும் கலந்து பேசாமல் தனியாகவே செய்கிறாள் என்பது அவனுடைய நெடுநாள் குறை.

"வண்டி ஓடும்போது மட்டும் இடத்த அனுப்புற மாதிரி வெச்சேன், நின்னா அனுப்பாது. போன்ல சார்ஜ் நிக்கலன்னு டிரைவருங்க சொல்லிக்கினே இருந்தாங்க. இந்த மெசேஜ் நான் வெச்சது இல்லண்ணா."

ஐந்து நிமிடம் இடம் வராவிட்டால் பெற்றோரை எச்சரிக்கும் செய்தியை முந்தின நாள் சேர்த்தவன் தென்னரசுதான். சின்ன வேலைதானே என்று அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

"நான் மாத்தினது டிரைவர் போன்ல இருக்குது. இங்கருந்து எடுக்க முடியாது. உங்களுத நிறுத்துங்க, ஜல்தி."

"நெஜமாவே வண்டிக்கு எதனா ஆகியிருந்தா?"

அவன் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

சற்று நேரத்தில் அந்தோணிசாமியே கூப்பிட்டார். டயர் பஞ்சர், போனை வண்டிக்குள் வைத்துவிட்டுக் கீழே சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தாராம். பிள்ளைகள் நலம். ஆனால் செய்தியைப் பார்த்துப் பதறி ஸ்கூட்டியில் கிளம்பிய அம்சவள்ளி என்ற தாய்க்கு, வழியில் விழுந்ததில் மணிக்கட்டு முறிந்திருந்தது.

மறுநாள் இருவரும் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"யாரு அனுப்சது அத?" என்று கேட்டாள் அம்சவள்ளி.

"நாந்தாங்க" என்றான் தென்னரசு.

"நான் செஞ்சதும் சேந்துதாங்க" என்றாள் பிரியா.

அம்சவள்ளி கட்டுப்போட்ட கையை மடியில் நகர்த்திக்கொண்டாள். "ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான உக்காந்துகினு இருக்கீங்க?"

வெளியே வந்ததும் தென்னரசு சொன்னான்: "இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்ட கேட்டுட்டுச் செய்."

"கேக்க மாட்டேண்ணா. ஒவ்வொண்ணுக்கும் கேட்டுக்கினு இருந்தா எனக்கு வேலையே ஓடாது. செயலியில ஏத்துறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். நீங்களும் சொல்லணும்."

திண்டிவனம் அலுவலகத்தில் நுழைந்ததும் அவன் தன் கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

"மெசேஜ் போறத மாத்தி எழுதியிருக்கேன், இன்னிக்கி ஏத்தப் போறேன். பாரு."

அவள் நெடுநேரம் பார்த்தாள். "இன்னிக்கி வேணாம்ணா. நெட்டு போய்ட்டு வந்தா ஒரே மெசேஜ் ரெண்டு வாட்டி போகும்."

அவன் முகம் இறுகியது. ஆனாலும் அன்று அவன் அதை ஏற்றவில்லை.