கண்ணை மூடித் தூக்கிப் பார்

“கண்ணை மூடு” என்றான் வெர்லின்.

“மூடியாச்சு.”

“திருட்டுத்தனமா பாக்கக் கூடாது.”

“உன் மூஞ்சியைப் பாக்க எதுக்குத் திருட்டுத்தனம்? முப்பது வருஷமா சும்மாதானே கெடக்கு.”

பின்வாசலில் நின்றபடி துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கினேன். கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படிந்த பிறகுதான் கண்ணைத் திறக்க வேண்டும். குழல் நுனியிலிருக்கும் முன்குறி, பின்குறியின் பள்ளத்தில் தானாக வந்து நின்றிருந்தால் அது உன் துப்பாக்கி. இல்லையென்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேறு யாருடையதோ. எங்கள் மலைப் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் பார்த்து வாங்குவார்கள்.

எங்கள் பழைய துப்பாக்கி, முந்தின நவம்பர் வெள்ளத்தில் கீழறையோடு போய்விட்டது. பக்கத்து வீட்டு ஹார்லெஸ், ஒஹாயோவில் இருக்கும் மகளிடம் போகிறவர், தன்னிடமிருந்த இரண்டை எடுத்துவந்து எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்று எங்களுக்கு, மற்றது என் கணவன் வெர்லினின் தம்பி டெல்மஸுக்கு. எங்களுக்கு எது என்று நாங்கள் முதலில் சொல்ல வேண்டும்.

இரண்டும் ஒரே கம்பெனி, இரண்டும் எங்கள் கல்யாணத்துக்கு முந்தியவை. அணிலுக்குப் போடும் சின்னத் தோட்டாதான் இரண்டுக்கும். விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா உள்ளே வரும். வித்தியாசம் உடம்பில்தான். நீளமானதற்கு நீண்ட குழல். உள்ளங்கை உட்காரும்படி பிடி வளைந்திருக்கும். குட்டையானதற்குக் கட்டை நேராக ஓடும், எடையும் குறைவு.

குட்டையானதைத் தூக்கிக் கண்ணைத் திறந்தேன். முன்குறி பள்ளத்தின் நடுவில் நின்றது. நீளமானதில் கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்ட வேண்டியிருந்தது. வெர்லின் முறை வந்தது. நீளமானது அவன் கைக்குச் செய்தது போல் இருந்தது. குட்டையானதைத் தூக்கியபோது எங்கோ பார்த்தான்.

“எங்கே நிக்குது?” என்றேன்.

“நடுவுல.”

“பொய். கூரைத் தண்ணிக் குழாயைக் குறி வெச்சிருக்கே.”

“அந்தக் குழாய் ரொம்ப நாளா என்னை மொறைச்சுகிட்டு இருக்கு.”

அணில் வேட்டைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே துப்பாக்கியோடுதான் போவோம். ஆளைக் கண்டால் அணில் மரத்தின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். நீ சுற்றினால் அதுவும் சுற்றும். அதனால் ஒருவர் துப்பாக்கியோடு அசையாமல் உட்கார்ந்திருக்க, மற்றவர் மரத்துக்கு அந்தப் பக்கம் சருகில் காலை இழுத்து நடக்க வேண்டும். நடப்பவருக்குப் பயந்து அணில் உட்கார்ந்திருப்பவர் பக்கம் வரும். கல்யாணமான வருஷத்திலிருந்து அவன் நடப்பான், நான் சுடுவேன்.

அந்த வருஷம் அவன் உட்கார வேண்டும் என்று நினைத்தேன். நிலக்கரிச் சுரங்கத்துத் தூசி அவன் நெஞ்சில் இறங்கியிருந்தது. தபால் பெட்டிக்குப் போய்த் திரும்புவதற்குள் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கேட்டால், வேலி ஆடுகிறதா என்று பார்த்தேன் என்பான். ‘இனி நீ மலையில் நடக்காதே’ என்று அவனிடம் சொல்ல முடியாது. நீளமான துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியும்.

“நீளமானதே இருக்கட்டும்” என்றேன். “நீ ஒரு வருஷம் சுடேன். எனக்கும் கை ஓஞ்சுபோச்சு.”

“நான் சுட்டா ராத்திரிக்கு வெறும் பீன்ஸ்தான்.”

“பீன்ஸுக்கு என்ன கொறச்சல்?”

“ட்ரீமா, நான் உன் வேட்டை நாய். நாய் கையில யாராவது துப்பாக்கியைக் குடுப்பாங்களா?”

சிரித்துவிட்டேன். சிரித்ததும் பேச்சு முடிந்துபோயிற்று. அன்று மாலையே தம்பிக்குப் போன் போட்டு, நீளமானதை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னான்.

வேட்டைப் பருவம் தொடங்கிய சனிக்கிழமை, விடிந்தும் விடியாமலும் ஏறினோம். அவன் நின்ற இடத்திலெல்லாம் நானும் நின்று, ஷூ கயிற்றைக் கட்டுவது போல் குனிந்துகொண்டேன். மேட்டில் பெரிய ஹிக்கரி மரம் ஒன்றின் உச்சியிலிருந்து அணில் கொறித்த கொட்டைத் தோல் உதிர்ந்துகொண்டிருந்தது. விழுந்து கிடந்த ஒரு மரத்தில் நான் சாய்ந்து உட்கார்ந்தேன். வெர்லின் என் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் போனான்.

சருகுச் சத்தம் கேட்டது. சாம்பல் நிற அணில் ஒன்று அடிமரத்தைச் சுற்றி என் பக்கம் வந்தது. மெல்லத் துப்பாக்கியைத் தூக்கினேன். அதற்குள் அணில் என்னைப் பார்த்துவிட்டது. ஒரு கணம் வாலை அசைத்தது. பிறகு நிதானமாகத் திரும்பி, வந்த வழியே அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்தப் பக்கம் ஆள் நடமாடினால் அது போகாது.

சருகுச் சத்தம் நின்றிருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். ஒரு பாறையில் முதுகைச் சாய்த்து, இளைப்பாற உட்கார்ந்தவன் மாதிரி இருந்தான். கை இன்னும் சூடாக இருந்தது. இதயம் நின்றுவிட்டது என்று பிறகு டாக்டர் சொன்னார். டாக்டருக்கு முன்பாகவே அணில் எனக்குச் சொல்லிவிட்டது.

இலையெல்லாம் கொட்டிய பிறகு டெல்மஸ் வந்தான். காபியைக் குடிக்காமல் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தான். நீளமான துப்பாக்கியைக் கூடவே எடுத்துவந்திருந்தான்.

“அண்ணி, இதை நீங்க வெச்சுக்குங்க. அண்ணனுக்கு இதுதான் பொருத்தம்னு எனக்குத் தெரியும்.”

“அப்புறம் ஏன் வேணாம்னான்? உன்கிட்ட ஏதாவது சொன்னானா?”

“போன்ல சொன்னாரு.” கோப்பையைத் தள்ளி வைத்தான். “‘சீக்கிரம் வந்து எடுத்துட்டுப் போடா. இது இந்த வீட்டுல இருந்தா உன் அண்ணி என்னை உக்கார வெச்சுருவா’ன்னாரு.”

“தெரிஞ்சுதான் செஞ்சானா?”

“சிரிச்சுகிட்டேதான் சொன்னாரு, அண்ணி.”

எழுந்துபோய் அடுப்பைக் கிளறினேன். கிளற அதில் ஒன்றுமில்லை. டெல்மஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், நல்ல பிள்ளை.

பிறகு நீளமானதை அவனிடமிருந்து வாங்கி, வளையத்தை இறக்கி உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, பின்வாசலுக்குப் போனேன். கண்ணை மூடித் தூக்கினேன். திறந்தபோது முன்குறி எங்கோ ஓரத்தில் இருந்தது.

“இது உன்னோடதே இருக்கட்டும்” என்று திருப்பிக் கொடுத்தேன்.

அவன் வண்டி சாலையில் இறங்கும் வரை பார்த்திருந்துவிட்டு, கதவுக்குப் பின்னாலிருந்து குட்டையானதை எடுத்தேன். அதையும் திறந்து பார்த்தேன், காலி. கண்ணை மூடித் தோளுக்குத் தூக்கினேன். கன்னம் கட்டையில் படிந்தது. கண்ணைத் திறந்தேன்.

முன்குறி பள்ளத்தின் நடுவில் நின்றது.